சங்கரய்யாவுக்கு மறுத்த பட்டம்

(காரைக்காலில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஆற்றிய சொற்பொழிவு)



கூலி உயர்வைப் பற்றியும், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத கொடுமையைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் வேறு. சர்வகலாசாலைப் பட்டமளிப்பு விழாவைப் பற்றிப் பேசு என்கிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவனுக்குப் பட்டமளிப்பு விழாவில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். (சிரிப்பு) நாற்று நடுகிற கைக்கும், அறுந்த இழையை முடிகிற கைக்கும் இதில் என்ன சம்பந்தம் என்றும் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

விழா என்றால் என்ன? பெரிய மண்டபம். மேடையில் வரிசையாக நாற்காலி. நடுநாயகமாக வேந்தர். பக்கத்தில் இணைவேந்தர், துணைவேந்தர். மாணவர்கள் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பெயர் கூப்பிட்டவுடன் போய்க் குனிந்து வாங்கிக்கொண்டு, போட்டோவுக்கு ஒரு நிமிஷம் நின்றுவிட்டு இறங்கி வர வேண்டும். அந்தக் கறுப்பு அங்கி நம் ஊர் உடுப்பல்ல. ஐரோப்பாவில் பாதிரிமார்கள் கல்லூரி நடத்திய காலத்தில் அந்தக் குளிருக்கு அவர்கள் போட்டுக்கொண்டது. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களில் வெள்ளைக்காரன் சர்வகலாசாலை வைத்தபோது அதுவும் கப்பலேறி வந்து சேர்ந்தது. நம் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் படுகிற பாட்டைச் சொல்லி முடியாது.

2024-ல் மத்திய சுகாதார அமைச்சகம் தன் கீழுள்ள மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரு கடிதம் எழுதிற்று. கறுப்பு அங்கியும் தொப்பியும் காலனி ஆட்சியின் மிச்சம், அதை மாற்றி இந்திய உடை போடுங்கள் என்று. சரி, மாற்றட்டும். யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் ஒன்று. மாகாணக் கவர்னரே சர்வகலாசாலைக்கு வேந்தர் என்பதும் அதே 1857-ல் அதே வெள்ளைக்காரன் வைத்த ஏற்பாடுதானே! அங்கியைக் கழற்ற வேண்டும் என்கிறவர்களுக்கு, அந்த நாற்காலியைப் பற்றிப் பேசினால் மட்டும் முகம் சிவந்துவிடுகிறது. (கைதட்டல்)

பட்டத்தில் இரண்டு தினுசு உண்டு. பரீட்சை எழுதி வாங்குவது ஒன்று. பரீட்சையே இல்லாமல், ஒருவருடைய தொண்டைப் பார்த்து, 'இவர் எங்கள் பட்டத்துக்கு உரியவர்' என்று சர்வகலாசாலை தானாக முன்வந்து கொடுப்பது மற்றொன்று. இதைத்தான் கௌரவ டாக்டர் பட்டம் என்கிறார்கள். ஆட்சிக்குழு தீர்மானிக்க வேண்டும், ஆட்சிப்பேரவை ஒப்ப வேண்டும், அதற்குப் பிறகு வேந்தர் இசைவு தர வேண்டும். இப்படி மூன்று வாசல்.

கௌரவப் பட்டம் என்றாலே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் தஞ்சை ஜில்லாவில் உத்தமதானபுரத்தில் 1855-ல் பிறந்த சாமிநாதய்யரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பி.ஏ. படித்தவரல்ல. திருவாவடுதுறையில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். செல்லரித்த ஏட்டுச் சுவடியைத் தேடி ஊர் ஊராக அலைந்து சங்க நூல்களை அச்சில் கொண்டுவந்தார். சென்னை சர்வகலாசாலை அவருக்கு 1932-ல் டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டத்தால் பெருமை யாருக்கு? கொடுத்தவர்களுக்குத்தான். கௌரவப் பட்டம் என்பது அப்படி இருக்க வேண்டும்.

பதினைந்து நாளில் பரீட்சை

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தோழர் என். சங்கரய்யா கோவில்பட்டியில் 1921-ல் பிறந்தவர். மதுரையில் வளர்ந்தவர். 1937-ல் அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்து சரித்திரம் படித்தார். பையன் வக்கீலாக வருவான் என்று வீட்டில் ஆசை. பையனோ மாணவர் சங்கம், கூட்டம், ஊர்வலம் என்று இறங்கிவிட்டார். யுத்தம் நடக்கிற காலம். வெள்ளைக்கார சர்க்கார் ஒரு துண்டுக் காகிதத்தைக் கண்டாலும் நடுங்கிக்கொண்டிருந்த நேரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் மீது நடந்த அடக்குமுறையைக் கண்டித்து ஓர் அறிக்கை விட்டதற்காக 1941 பிப்ரவரி 28-ல் அவரைக் கைது செய்தார்கள். பி.ஏ. இறுதிப் பரீட்சைக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. பதினைந்தே நாள்! அந்தப் பரீட்சையை அவர் கடைசிவரை எழுதவேயில்லை.

பதினெட்டு மாதம் சிறை. வேலூர்ச் சிறையில் அரசியல் கைதிகளைத் தரம் பிரித்து நடத்தியதை எதிர்த்து உண்ணாவிரதம். பட்டினி பத்தாவது நாளை எட்டியபோது சிறை அதிகாரி பார்வையிட வந்தார். ஒரு வாலிபர் சுருண்டு படுக்காமல் புஸ்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். என்ன புஸ்தகம்? கார்க்கியின் 'தாய்'. அந்த வாலிபர்தான் சங்கரய்யா. அந்த நாட்களில் அதே வேலூர்ச் சிறையில் காமராஜரும் கைதி. இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வெளியே வந்தார், மறுபடி பிடித்தார்கள். மறுபடி வந்தார், மதுரைச் சதி வழக்கு என்று ஒன்றை ஜோடித்து பி. ராமமூர்த்தியோடு சேர்த்து உள்ளே தள்ளினார்கள். நாடு விடுதலையாவதற்கு முதல் நாள், 1947 ஆகஸ்ட் 14-ல் சிறைக் கதவு திறந்தது. சுதந்திர சர்க்காராவது விட்டதா? 1948-ல் கட்சிக்குத் தடை. தலைமறைவு. பிறகும் சிறை. மொத்தம் எட்டு வருஷம் சிறைவாசம். மூன்று முறை சட்டசபைக்கு மதுரை மக்கள் அனுப்பினார்கள்: 1967, 1977, 1980. 2021-ல் தமிழக அரசு அவருக்குத் தகைசால் தமிழர் விருதும் பத்து லட்சம் ரூபாயும் கொடுத்தது. கொரோனா காலம் அது. பணத்தை அப்படியே முதலமைச்சர் நிவாரண நிதிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது நூறு.

இப்படிப்பட்ட மனிதருக்கு, அவர் படித்த மதுரையிலேயே உள்ள காமராஜர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுப்பது என்று 2023-ல் முடிவு செய்தது. ஆட்சிக்குழு தீர்மானித்தது. ஆட்சிப்பேரவையும் ஒப்பியது. இரண்டு வாசல் தாண்டியாயிற்று. மூன்றாவது வாசலில் உட்கார்ந்திருந்தவர் அப்போதைய கவர்னர் ஆர்.என். ரவி. கோப்பு அவரிடம் போயிற்று. அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

ஒரு கையெழுத்து, தோழர்களே! நீங்கள் கூலிப் பட்டியலில் வைக்கிற கைநாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்தான் அதற்கும் ஆகும். (சிரிப்பு) பட்டம் வாங்குகிறவருக்கோ வயது நூற்றிரண்டு. அவர் கேட்டு வாங்கப் போகவில்லை. கொடுக்கிறோம் என்று அவர்களாக வந்தார்கள்.

2023 நவம்பர் 2-ல் அந்தச் சர்வகலாசாலையின் பட்டமளிப்பு விழா நடந்தது. கவர்னர் வந்தார். உயர்கல்வி அமைச்சராக இருந்த பொன்முடி, சங்கரய்யாவுக்குப் பட்டம் மறுத்ததைக் கண்டித்து விழாவுக்குப் போகவில்லை. நம் தோழர்கள் மதுரையில் கறுப்புக் கொடி பிடித்தார்கள். விழாவில் எத்தனையோ பேர் பட்டம் வாங்கினார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை, படித்துப் பாஸ் செய்து வாங்கிய பிள்ளைகள். சங்கரய்யாவின் பெயர் மட்டும் அங்கே கூப்பிடப்படவில்லை. பதின்மூன்று நாள் கழித்து, நவம்பர் 15-ல், சென்னையில் அவர் மறைந்தார். மறுநாள் அரசு மரியாதையுடன் அவரைத் தகனம் செய்தார்கள். துப்பாக்கிக் குண்டு முழங்கி வழியனுப்பத் தகுந்தவர், ஒரு காகிதத்துக்குத் தகாதவராகிவிட்டார்!

1941-ல் வெள்ளைக்காரனுடைய போலீஸ் பதினைந்து நாளில் அவர் பரீட்சையைப் பறித்தது. 2023-ல் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன நாற்காலி, பதின்மூன்று நாள் மிச்சமிருக்கும்போது அவர் பட்டத்தைப் பறித்தது. நடுவில் எண்பத்திரண்டு வருஷம்.

காமராஜர் பெயரை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் என்று தொடங்கிய அந்தச் சர்வகலாசாலைக்கு 1978-ல் காமராஜர் பெயரைச் சூட்டினார்கள். காமராஜர் காலேஜ் வாசலை மிதித்தவரா? பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டுவிட்டு விருதுநகரில் கடையில் நின்றவர். அவர் மீது நமக்கு எத்தனையோ அரசியல் வேற்றுமை உண்டு. ஆனால் ஏழைப் பிள்ளைக்கு மத்தியானம் சோறு போட்டுப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டவர் என்பதை யாரும் மறுக்க முடியாது. பட்டமே இல்லாத ஒருவர் பெயரில் சர்வகலாசாலை. அவரோடு சிறையில் கிடந்தவருக்கு அங்கே பட்டம் இல்லை.

நம் பக்கத்து ஊர்க் கதை

கணக்கைச் சரியாகச் சொல்ல வேண்டும், தோழர்களே. கவர்னர் மட்டும்தான் பட்டத்தை வைத்து அநியாயம் செய்தார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அது பாதிக் கணக்கு.

கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரம். 1971-ல் அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலமைச்சராக இருந்த கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் அதை எதிர்த்தார்கள். போலீஸ் புகுந்து தடியடி நடத்திற்று. உதயகுமார் என்ற மாணவர் குளத்தில் பிணமாகக் கிடந்தார். பெற்ற தகப்பனே 'இது என் பிள்ளை அல்ல' என்று சொல்லும் நிலைக்குத் தள்ளப்பட்டார் என்பது மாணவர் இயக்கம் அன்றிலிருந்து சொல்லி வருகிற குற்றச்சாட்டு. விசாரணைக் கமிஷனும் வைத்தார்கள். இன்றைக்கும் மாணவர் சங்கத் தோழர்கள் உதயகுமாருக்கு நினைவு நாள் அனுசரிக்கிறார்கள். அதே கட்சியின் அரசு 2023-ல் சங்கரய்யாவுக்குப் பட்டம் கிடைக்க வேண்டுமென்று நின்றது என்பதும் உண்மை. அதற்கு நாம் நன்றி சொன்னோம். அதற்காக உதயகுமாரை மறந்துவிட முடியுமா? இரண்டையும் சொல்லத்தான் வேண்டும். ஆட்சியில் இருப்பவருக்குச் சர்வகலாசாலை பட்டம் நீட்டினால் அது மரியாதையா, மொய்யா என்று கேட்கிற உரிமை மாணவனுக்கு உண்டு. அப்படிக் கேட்டவனைத் தடியால் அடித்தால் அந்தப் பட்டத்தில் ரத்தம் ஒட்டிக்கொள்கிறது.

சீமையிலும் இந்த வழக்கு உண்டு. 1956-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் கொடுக்கப் போனது. ஹிரோஷிமா, நாகசாகி என்ற இரண்டு பட்டணங்களில் அணுகுண்டு போட உத்தரவிட்டவர் அவர். ஆன்ஸ்கம் என்ற பெண் ஆசிரியர் எழுந்து, குற்றமற்ற ஜனங்களைக் கொல்ல உத்தரவிட்டவருக்கு நம் பட்டமா என்று எதிர்த்தார். அவர் பக்கம் மிகச் சிலரே நின்றார்கள். பட்டம் கொடுத்தாயிற்று. ஆனால் முப்பது வருஷத்துக்குள் அதே ஆக்ஸ்போர்டில் வேறொன்று நடந்தது. 1985 ஜனவரி. பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர், அந்தச் சர்வகலாசாலையிலேயே படித்தவர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் மாதக் கணக்காக வேலைநிறுத்தத்தில் இருக்க, அவர்களை மண்டியிட வைத்தே தீருவேன் என்று நின்றவர். கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பணத்தை வெட்டியவர். அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுப்பதா என்று ஆசிரியர்கள் ஓட்டெடுத்தார்கள். வேண்டாம் என்று 738 ஓட்டு, வேண்டும் என்று 319. கிடையாது என்று திருப்பிவிட்டார்கள்! (பலத்த கைதட்டல்)

வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே வாத்தியார்கள் கூடி ஓட்டெடுத்து, அதிகாரத்தில் இருப்பவருக்கு இல்லை என்றார்கள். இங்கே வாத்தியார்கள் கூடிக் கொடுக்கலாம் என்ற பிறகு, அதிகாரத்தில் இருப்பவர் ஒருவர் இல்லை என்றார்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அதே 2023-ல், பிப்ரவரி மாதம், சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு தனியார் அமைப்பு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, சினிமாக்காரர்கள் உட்படப் பலருக்கும் 'கௌரவ டாக்டர்' பட்டம் வழங்கிவிட்டது. பட்டமும் போலி. சர்வகலாசாலைக்கே தெரியாது. பிறகு போலீசில் புகார், வழக்கு. ஆகவே, அசல் டாக்டர் பட்டம் சங்கரய்யாவுக்கு மறுக்கப்படுகிறது, நகல் டாக்டர் பட்டம் கல்யாணச் சந்தனம் மாதிரி வாசலில் நின்றவருக்கெல்லாம் பூசப்படுகிறது. (சிரிப்பு) காரைக்காலில் நமக்கு இது புதிதல்ல. பிரெஞ்சுக்காரன் காலத்திலும் யாருக்கு மெடல், யாருக்கு லத்தி என்பதை நம் பாட்டன்மார் பார்த்தவர்கள்தான். 1936 ஜூலை 30-ல் புதுச்சேரியில் எட்டு மணி நேர வேலை கேட்டு நின்ற மில் தொழிலாளிகளைப் பிரெஞ்சுப் பட்டாளம் சுட்டது. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். மறுவருஷம் 1937-ல் அந்தச் சட்டம் வந்தது. அந்தப் பன்னிரண்டு பேருக்கு எந்த மெடலும் கிடையாது. எட்டு மணிக்குச் சங்கு ஊதி நீங்கள் வெளியே வந்தீர்களே, அது அவர்கள் வாங்கிக் கொடுத்தது.

கையை நீட்டாத பெண்கள்

நம் காரைக்காலுக்கு நேரே வருவோம். அறிஞர் அண்ணா கலைக் கல்லூரியிலும் அவ்வையார் மகளிர் கல்லூரியிலும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். இவை இரண்டும் புதுவைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. அது 1985-ல் மத்திய சர்க்கார் சட்டம் போட்டு வைத்தது. அதற்கு வேந்தர் இந்தியத் துணை ஜனாதிபதி. நம் சட்டசபைக்கு அங்கே சொல் இல்லை.

2019 டிசம்பர் 23-ல் அந்தச் சர்வகலாசாலையின் பட்டமளிப்பு விழாவுக்கு ஜனாதிபதி வந்தார். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் ஜனங்கள் தெருவில் நின்ற நேரம். கேரளத்திலிருந்து வந்து படித்து முதல் மாணவியாகத் தேறித் தங்கப் பதக்கம் வாங்க இருந்த ஒரு பெண், தலையில் முக்காடு போட்டவர், மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். அவரை வெளியே அழைத்துப் போய் நிறுத்தினார்கள். ஜனாதிபதி பேசிவிட்டுப் புறப்பட்டுப் போன பிறகுதான் உள்ளே விட்டார்கள். அந்தப் பெண் மேடை ஏறினார். சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார். தங்கப் பதக்கம் வேண்டாம் என்று மேடையிலேயே சொல்லிவிட்டு இறங்கினார். அந்தச் சட்டத்தைக் கண்டித்து வேறு சில மாணவர்களும் விழாவைப் புறக்கணித்தார்கள். தங்கம் என்றால் நம் வீட்டில் என்ன பாடு படுகிறோம் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். அந்தப் பெண் தங்கத்தை வேண்டாம் என்றார், தோழர்களே! (கைதட்டல்)

அடுத்தது திருநெல்வேலி. 2025 ஆகஸ்ட் 13-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் விழா. பட்டம் கொடுப்பவர் அதே ஆர்.என். ரவி. ஆராய்ச்சிப் பட்டம் வாங்க வந்த ஒரு பெண் வரிசையில் வந்தார். கவர்னர் கையை நீட்டினார். அந்தப் பெண் அவரைத் தாண்டிப் போய்த் துணைவேந்தரிடம் பட்டத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். தமிழுக்கும் தமிழருக்கும் விரோதமாக நடக்கிறவர் கையால் வாங்க மனமில்லை என்று வெளியே வந்து சொன்னார். கோஷம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. நாலடி தள்ளி நடந்தார், அவ்வளவுதான். நாடு முழுவதும் பார்த்தது.

இந்த இரண்டு பெண்களையும் சிலர், பெரியவர்களுக்கு மரியாதை தெரியவில்லை என்று ஏசினார்கள். இதே பேச்சை நாம் கேட்டதில்லையா? தஞ்சை மண்ணில் பண்ணையாள் தோளில் துண்டு போட்டால் மரியாதை தெரியவில்லை என்றார்கள். மிராசுதார் எதிரில் செருப்போடு நடந்தால் மரியாதை தெரியவில்லை என்றார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்து மரியாதை கற்றுக் கொடுத்தார்கள். அடித்தால் திருப்பி நில் என்று சொல்ல பி. சீனிவாசராவ் வந்தார். அவருக்குத் தாய்மொழி கன்னடம். கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு விடுதலைப் போராட்டத்துக்கு வந்தவர். நம் சேரியில் தங்கி, நம் கூழைக் குடித்து, நம் தமிழைப் பேசினார். 1952-ல் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததென்றால் அது அவரைப் போன்றவர்கள் மூட்டிய சங்கத்தால் வந்தது. அவரும் பட்டதாரி இல்லை.

யார் பிள்ளை காத்திருக்கிறது?

இதெல்லாம் மேடையில் இருப்பவர்களின் சண்டை, நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். 2023 ஜூன் மாதத்தில் பொன்முடி வெளியே ஒரு கணக்குச் சொன்னார். விழாவுக்குக் கவர்னர் தேதி கொடுக்காமல் தாமதம் செய்வதால் தமிழ்நாட்டில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பட்டம் வாங்க முடியாமல் காத்திருக்கிறார்கள் என்று. ஒன்பது லட்சம்! பணக்காரன் வீட்டுப் பிள்ளை தற்காலிகச் சான்றிதழை வைத்துக்கொண்டு அப்பன் கம்பெனியில் போய் உட்கார்ந்துவிடும். வெளிநாட்டு வேலைக்கோ மேல்படிப்புக்கோ எழுதிப் போடுகிற கூலிக்காரன் பிள்ளையிடம்தான், அசல் எங்கே என்று கேட்பான். விழாவில் யார் நடுநாற்காலி, யார் பிரதம விருந்தினர் என்று மேலே தேதி தள்ளிக்கொண்டே போக, இங்கே ஒரு பிள்ளையின் வயது வரம்பு தாண்டிக்கொண்டிருக்கும்.

துணைவேந்தர் நியமனமும் அப்படியே. நியமிக்கும் அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்களைத் தமிழகச் சட்டசபை 2022-ல் நிறைவேற்றியது. அவை ராஜ்பவனில் தூங்கின. 2025 ஏப்ரல் 8-ல் உச்சநீதிமன்றம் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. மே மாதத்திலேயே உயர்நீதிமன்றம் துணைவேந்தர் நியமனப் பகுதிக்குத் தடை போட்டது. வழக்கு மேல் வழக்காகப் போயிற்று. அதற்குள் சர்வகலாசாலைகள் துணைவேந்தர் இல்லாமல் கமிட்டி வைத்து ஓடின. சங்கரய்யாவுக்குப் பட்டம் மறுக்கப்பட்ட அதே மதுரையில், பேராசிரியர்களும் ஊழியர்களும் சம்பளம் வராமல், ஓய்வு பெற்றவர்கள் பென்ஷன் வராமல் 2024-ல் வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். கூட்டிப் பெருக்குகிற தொழிலாளியும் அதில் இருந்தார். புதுச்சேரி ஏ.எப்.டி., சுதேசி, பாரதி மில்களில் சம்பள பாக்கிக்காக வாசலில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த உட்காரல் எப்படி என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2020-ல் மூன்று மில்லையும் ஒரேயடியாக மூடிவிட்டார்கள்.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. ஒன்று, கௌரவப் பட்டம் என்றால் சர்வகலாசாலையின் சபைகள் தீர்மானித்தபின் அதைத் தடுக்கிற அதிகாரம் ஒரு தனி ஆளிடம் இருக்கக் கூடாது. விழாத் தேதிக்காகச் சான்றிதழ் காத்திருக்கவும் கூடாது. பரீட்சை முடிவு வந்த சில மாதத்தில் அசல் பட்டம் தபாலில் வீடு வந்து சேரட்டும்; விழா வேண்டுகிறவர்கள் பிறகு சாவகாசமாக வைத்துக்கொள்ளட்டும். இரண்டாவது, நம் பிள்ளைகளுக்கு இடம். 2010-ல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் திருவேட்டக்குடியில் இருக்கிறது. அந்தக் கட்டடங்களுக்குச் செங்கல் சுமந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். சுமந்தவர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த வாசலில் மாணவராக நுழைந்தார்கள்? புதுவைப் பல்கலைக்கழகத்தில் புதுவை மாநிலப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் என்பது சில பாடப் பிரிவுகளில் மட்டும்தான் உண்டு. எல்லாப் பாடத்துக்கும் அதைக் கொடு என்று மாணவர்கள் நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள். கேட்டால் கிடைக்காது என்பதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீத இடம் 2023-ல் நம் மாநிலத்துக்கு வந்தது கேட்டதால்தான்.

அதனால் ஒரு காரியம் சொல்லி முடிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை படிக்கிற வீட்டார், சென்டாக் விண்ணப்பத்துக்குச் சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் வேண்டும் என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். தாலுகா ஆபீசில் கேட்ட அன்றே கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் தேதி போய்விடும். திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் கொம்யூன்களில் நம் சங்கத் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார்கள். காசு கிடையாது. ரேஷன் கார்டையும் பிள்ளையின் மார்க் லிஸ்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.